வலை உடுத்தி வந்த பூ

அமெரிக்காவில் குபெர்டினோவுக்கு வந்த புதிதில் எனக்கு டிபெண்டன்ட் விசா. கணவர் வேலைக்குப் போகலாம், நான் போகக் கூடாது. சென்னையில் பதினோரு வருஷம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள், இங்கே யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால் "நத்திங்" என்று சிரிப்பேன். சொல்லிச் சொல்லி அதை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். அதுதான் பயமாக இருந்தது.

2004 ஜூனில் ஒரு சனிக்கிழமை, "வீட்லயே அடைஞ்சு கிடக்காதே, வா" என்று கணவர் ஓர் ஆர்க்கிட் கண்காட்சிக்கு அழைத்துப் போனார். ஒரு மேஜையில் ரத்தச் சிவப்பாய் ஒரு பூ. சீட்டில் 'டிசா' என்றிருந்தது.

தூக்கிவாரிப் போட்டது. தென்னாப்பிரிக்கக் காட்டு ஆர்க்கிட். வருஷா வருஷம் போர்டில் எழுதிப் போட்ட பெயர், பூவைத்தான் பார்த்ததே இல்லை. ஒருமுறை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "ஏன் மேடம் அந்தப் பேரு?" என்றாள். தெரியாது என்று சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன்.

இப்போது அதே கேள்வியை, செடியை வளர்த்தவரிடம் நான் கேட்டேன். ஸ்வீடன் நாட்டுக் கதை ஒன்று சொன்னார். டிசா என்பவளின் புத்தியைச் சோதிக்க ராஜா ஆணையிட்டாராம்: நடந்தும் வரக் கூடாது, எதிலும் ஏறியும் வரக் கூடாது, உடுத்தியும் வரக் கூடாது, உடுத்தாமலும் வரக் கூடாது. அவள் மீன் வலையைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை ஆட்டின் மேலும் மறு காலைப் பனிச்சறுக்கு வண்டியிலும் வைத்து வந்து நின்றாள். ராணியானாள். பூவுக்குப் பெயர் வைத்தவர் காரணத்தை எழுதி வைக்கவில்லையாம். ஆனாலும் உற்றுப் பாருங்கள் என்றார்.

குனிந்தேன். மேலே குடைபோல் நின்ற இதழில், கண்ணி கண்ணியாக ஒரு வலை. வேலையும் செய்யாதே, வீணாகவும் போகாதே என்று எனக்கும்தான் ஓர் ஆணை இருந்தது.

என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார்.

"பாட்டனி டீச்சர்" என்றேன்.

அப்படியானால் சாப்பிட்டு வரும்வரை மேஜையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனார். அவர் திரும்பி வந்தும் நான் நகரவில்லை. சாயந்திரம் வரை, தொண்டை கட்டும் வரை, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொன்னேன்.

காரில், அந்த மாணவிக்கு இன்றே ஈமெயில் எழுதப் போகிறேன் என்றேன்.

"அவ பேரு என்ன?" என்றார் கணவர்.

இரட்டைப் பின்னல், விரலில் மைக்கறை, எழுந்து நின்ற விதம், எல்லாம் ஞாபகம் வந்தது. ஆயிரம் செடிகளின் பெயரை ஒப்பிப்பேன். அவள் பெயரை மட்டும் நான் கேட்டதே இல்லை.