புறங்கையால் தொட்டவர்

ஜமுனாமரத்தூரில் என் வாடகை வீட்டுப் பின்னறையில் பிட்காயின் என்ற இணையக் காசை ஈட்டித் தரும் நான்கு மைனிங் இயந்திரங்கள் ஏகப்பட்ட கரண்டை இழுத்து ராப்பகலாக ஓடின. தெருவிளக்குகள் மங்கியதால் லைன்மேன் ஒருவர் தேடி வந்தார். நரைத்த மீசை, தோளில் கயிறு. ஷாக் அடித்தால் கை தானாக விலகிவிடும் என்பதால் மீட்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்த்தார். பின்னறைச் சுவரைத் தொட்டவர் சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டார்.

"இதுக்கு அந்தாண்ட இன்னா இருக்குது?"

"பொண்ணு தூங்குதுங்க."

மெயினை அணைத்து, சுவருக்குள் உருகிக் கிடந்த வயரை இழுத்துக் காட்டினார். அந்த இயந்திரங்கள் எதற்கு என்று கேட்டார்.

"இது எந்த கவர்மெண்டுக்கும் கட்டுப்படாத காசுங்க" என்று உளறினேன்.

"காசு எப்டினா இருக்கட்டும் சார். கரண்டு ஒரே கம்பியிலதான எல்லார் வூட்டுக்கும் போவுது?"

வீட்டு இணைப்பில் இவ்வளவு கரண்டு இழுத்ததற்கு அபராதம் எழுதுவார் என்று பயந்தேன். எழுதவில்லை. ஏன் விட்டார் என்று இன்றும் தெரியவில்லை. அவர் போனபின் மகளை மடியில் போட்டுக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.