பெட்டியில் இருந்த பருத்திப் புடவைகள்

குளிர்காலம் வந்தால் ஜஹீதாவின் வீட்டு முன்னறையில் கால் வைக்க இடமிருக்காது. பேரணாம்பட்டில் ஆந்திரா மலைப் பக்கமிருந்து பனி இறங்கத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியிலேயே, அக்கம்பக்கத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் பஞ்சையும் கொண்டுவந்து குவித்துவிடுவார்கள். அவள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு, குளிருக்குப் போர்த்தும் ரஜாய் ஆக்கித் தருவாள். ரம்ஜானுக்கு முன்னால் சிறுமிகளுக்கு கவுன், பொங்கலுக்குத் தலையணை உறை, மழைக்காலத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குச் சின்ன விரிப்பு என்று வருஷம் முழுக்க அவள் ஊசிக்கு ஓய்வில்லை. ஷூ கம்பெனியிலிருந்து வீட்டுக்கு வரும் அப்பர்களுக்கு, அதாவது ஷூவின் மேல்பாகத் தோலுக்கு, கைத்தையல் போட்டு முடித்த பிறகுதான் இதெல்லாம். தோலில் ஊசி ஏற்றிக் காய்த்துப்போன விரலுக்குப் பருத்தித் துணி வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பாள்.

அந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் மனைவியாக வந்தவள். கணவர் மக்பூல் அகமது தோல் பதனிடும் தொழிற்சாலையில் சாயம் அடிக்கும் பகுதியில் வேலை செய்தார். முதல் மனைவி நசீமுன்னிசா மஞ்சள் காமாலையில் இறந்துபோனபோது மகள் ஹீனாவுக்கு எட்டு வயது. மறு வருஷம் ஜஹீதா வந்தாள். பாதி உருது, பாதி தமிழ் பேசும் அந்த வீட்டில் ஹீனா அவளை முதல் நாளிலிருந்தே "சோட்டிமா" என்று கூப்பிட்டாள். சின்ன அம்மா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜஹீதாவுக்கு அதில் அத்தனை சந்தோஷம். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவும் இல்லை.

ஹீனா அடம் பிடிக்காத பெண். போட்டதைச் சாப்பிடுவாள், தைத்துக் கொடுத்ததை உடுத்துவாள். செத்துப்போன அம்மாவைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். பெண் மறந்துவிட்டாள், சின்ன வயசுதானே என்று ஜஹீதா நினைத்தாள். நினைத்து நிம்மதியும் பட்டாள்.

ஹீனாவுக்கு மேல்விஷாரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ஜனவரியில் நிக்காஹ் என்று முடிவானதும், ஜஹீதா ஒரு யோசனை செய்தாள். உள் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் நசீமுன்னிசாவின் புடவைகள் இருந்தன. கல்யாணப் புடவை ஒன்று, மற்றதெல்லாம் வீட்டில் கட்டிய பருத்திப் புடவைகள். நீலத்தில் வெள்ளைப் பூ, இளம்பச்சையில் கட்டம், மாந்தளிர் நிறத்தில் பொடிப் புள்ளி. அதையெல்லாம் சேர்த்து ஒரு ரஜாய் தைத்துக் கொடுத்தால் என்ன? புருஷன் வீட்டுக்குப் போகிற பெண் தாயின் துணியைப் போர்த்திக்கொண்டு தூங்குவாளே!

கணவரிடம் கேட்டாள். அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டியில இருக்கற புடவைங்கள எடுத்து ஹீனாவுக்கு ரஜாய் தைக்கட்டுமாங்க?"

"அத வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறோம்? செய்யி" என்றார் அவர், செருப்பை மாட்டியபடியே.

ஹீனாவிடம் கேட்கவில்லை. கல்யாணத்தின்போது திடீரென்று எடுத்துக் காட்டினால் பெண் மகிழ்ந்துபோவாள் என்பது அவள் எண்ணம்.

ஹீனா தையல் வகுப்புக்குப் போயிருந்த நேரங்களில் வேலை நடந்தது. முதலில் புடவைகளை எல்லாம் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்தாள். பெட்டி வாசனை போகவில்லை என்று இன்னொரு தரமும் துவைத்து மாடி வெயிலில் காயப்போட்டாள். கல்யாணப் புடவையைத் தொட மனம் வரவில்லை. அதை மட்டும் மடித்து மறுபடி பெட்டியில் வைத்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். நீலத்தை நட்சத்திரங்களாக வெட்டினாள். பச்சை அவற்றைச் சுற்றி நின்றது. ஓரத்துக்கு மாந்தளிர். அவள் கையிலிருந்து அதுவரை வந்த ரஜாய்களில் அப்படி ஒன்று வந்ததில்லை. தையல் ஒவ்வொன்றும் அரிசி மணி போல விழுந்திருந்தது. மிஞ்சிய துண்டுகளில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணி செய்துகொண்டாள்.

நிக்காஹுக்கு முந்தின நாள் பகலில் வீடு நிறைய உறவுக்காரர்கள். நசீமுன்னிசாவின் அக்கா அன்வரி பேகம் ஆம்பூரிலிருந்து வந்திருந்தாள். எல்லோர் முன்னாலும் ஜஹீதா ரஜாயைக் கொண்டுவந்து ஹீனாவின் மடியில் வைத்தாள். "பிரிச்சுப் பாருமா" என்றாள்.

பெண்கள் எட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், இன்னா வேலைப்பாடு!" என்றார்கள். ஹீனா ஒரு நீல நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"இது அம்மீயோட புடவை."

"ஆமாம்மா. உனக்குன்னுதான்..."

ஹீனா எழுந்து உள்ளே போனாள். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. உடனே திரும்பி வந்தாள்.

"எல்லாத்தையுமா வெட்டிட்டீங்க?"

"கல்யாணப் புடவையத் தொடலமா. அது அப்படியே பத்திரமா இருக்கு."

"அத அம்மீ ஒரே ஒரு நாள்தான் கட்டுனாங்க" என்றாள் ஹீனா.

ஹீனா ரஜாயை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள்.

"துவைச்சீங்களா?"

"ரெண்டு தரம் துவைச்சேன். பெட்டி வாசனை போகணும்னு..."

ஹீனா ரஜாயை மெதுவாகக் கட்டிலின் மேல் வைத்தாள். பிறகு வாசற்படியில் நின்றிருந்த தகப்பனைப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா இது?"

மக்பூல் அகமது மகளின் முகத்தைப் பார்த்தார். கூடியிருந்த பெண்களைப் பார்த்தார். "தையல் விஷயம்லாம் எனக்கு இன்னாமா தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பந்தல்காரன் கூப்பிடுவதாகத் தெருவுக்குப் போய்விட்டார்.

ஜஹீதா அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்வரி பேகம் ஹீனாவைத் தோளோடு அணைத்து உள்ளே கூட்டிப்போனாள். போகிற போக்கில், "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். அதைச் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால்கூட ஜஹீதாவால் தாங்கியிருக்க முடியும்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. சீர் சாமான்கள் வண்டியில் ஏறின. ரஜாய் கட்டிலிலேயே கிடந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவும் இல்லை, ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஹீனா பெருநாளுக்கு வந்தாள், போனாள். சலாம் சொன்னாள், சமையலில் கூட நின்றாள், சோட்டிமா என்றுதான் கூப்பிட்டாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ராத்திரி தங்க மாட்டாள். பிடிதுணியாகிப்போன அந்தத் துண்டுகளை ஜஹீதா ஒளித்துவைத்தாள். பிறகு ஒளித்துவைத்ததே தப்போ என்று குமைந்தாள்.

ஹீனா முதல் பிள்ளை உண்டானாள். ஏழாம் மாசம் தாய் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஜஹீதா உள் அறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள். மேல்விஷாரத்திலிருந்து போன் வந்தது. ஹீனாதான் பேசினாள். "ஆம்பூர்ல அன்வரி காலா வீட்ல தங்கிக்கறேன் சோட்டிமா. அங்க ஆஸ்பத்திரி பக்கம். உங்களுக்கு அப்பர் வேலை வேற ஜாஸ்தி, எதுக்கு பேஜார்?" குரலில் கோபமில்லை. அதனால் எதிர்த்துப் பேச இடமும் இல்லை. அன்வரி பேகம் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம் ஜஹீதாவுக்குத் தெரியும். அது அப்படி ஒன்றும் பக்கமில்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஜஹீதா தைத்து வைத்திருந்த விரிப்புகளையும் சட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூர் பஸ் ஏறினாள். எல்லாம் கடையில் வாங்கிய புதுத் துணி. பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டி, பழைய புடவைதான் இதம் என்று ஊருக்கே சொல்கிறவள் அவள். இந்தக் குழந்தைக்கு மட்டும் பழைய துணியில் கத்தரிக்கோல் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்வரி பேகம் ஒரு விரிப்பைத் தடவிப் பார்த்தாள். "புதுத் துணி குத்துமே ஜஹீதா. நீ போய் இப்படித் தைச்சிருக்கே?"

"நாலஞ்சு தடவ அலசிட்டா மெத்துன்னு ஆயிடும் அன்வரி ஆபா" என்றாள் ஜஹீதா, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

ஹீனாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். பெரியம்மா டீ போடப் போனதும், அவளே ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு சொல்றேன் சோட்டிமா. நீங்க அப்பர் குடுக்கப் போவீங்கல்ல, அப்போ நான் அந்தப் பெட்டியத் தொறப்பேன். நீலப் புடவைய எடுத்து மூஞ்சி மேல போட்டுக்கினு படுத்திருப்பேன். உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் மடிச்சு வெச்சிடுவேன்."

"எத்தினி நாளா?"

"நீங்க வந்ததுலேர்ந்து. கல்யாணம் நிச்சயம் ஆகற வரைக்கும்."

அந்த வருஷங்களில் தான் திரும்பி வரும்போதெல்லாம் ஹீனா கதவருகே வந்து நின்று பையை வாங்கிக்கொண்டது நினைவுக்கு வந்தது. தன்மேல் உள்ள பாசம் என்று ஜஹீதா எண்ணியிருந்தாள். பாசம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொன்னா நீங்க கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லல. அவ்ளோ நல்லா பாத்துக்கறாங்க, இன்னமும் அம்மீ அம்மீன்னு இருந்தா இவங்க மனசு இன்னா ஆகும்னு." ஹீனா குழந்தையின் காலைப் போர்த்திவிட்டாள். "எனக்காகத்தான் தைச்சீங்க. அது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் அதப் போர்த்திக்க முடியல என்னால. இன்னிக்கும் முடியாது."

மன்னித்துவிடு என்று சொல்ல ஜஹீதா வாயெடுத்தாள். அதற்குள் குழந்தை சிணுங்கியது, அன்வரி பேகம் டீயோடு வந்தாள், பேச்சு பால் கொடுப்பதைப் பற்றியும் வசம்பு உரைப்பதைப் பற்றியும் போய்விட்டது. கிளம்பும்போது ஹீனா குழந்தையை அவள் மடியில் கொஞ்ச நேரம் வைத்தாள். அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை பேரணாம்பட்டு வரைக்கும் கூடவே வந்தது. அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த முறை போனபோது வீடு முழுக்க ஆட்கள்.

நடந்ததை அவள் கணவரிடம் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், வீட்டுக்கு வராமல் நேரே ஆம்பூருக்குப் போனார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நான்தான் செய்யின்னு சொன்னேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னா?"

"'அன்னிக்கு நீங்க தெருவுக்குப் போனீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு அப்பா'ன்னா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அன்னிக்கு அத்தினி பேர் முன்னால உன்ன ஒண்டியா நிக்க வெச்சேன் பாரு. அதுக்கு இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது. சாப்பிடுங்க" என்றாள் ஜஹீதா. அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது தானும்தானே என்று இருந்தது.

அந்த ரஜாய் இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. பிரித்துவிடலாமா என்று ஒருமுறை ஊசியால் ஒரு தையலை நெம்பிப் பார்த்தாள். பிரித்தாலும் நட்சத்திரங்கள்தான் மிஞ்சும், புடவை வராது. நெம்பிய இடத்தில் மறுபடியும் தைத்துவிட்டாள்.

போன மார்கழியில் அடுத்த தெரு பாரதி ஒரு மூட்டையோடு வந்தாள். அவள் மாமியார் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. "எல்லாம் மாமியார் கட்டுன சுங்குடிங்க. சும்மாதான் கெடக்குது. ரெண்டு ரஜாய் வரும்ல?"

ஜஹீதா மூட்டையைப் பிரிக்கவில்லை. "வீட்டுக்காரரக் கேட்டியா? உங்க நாத்தனார?"

"பழைய துணிக்குப் போய் யாரக் கேக்கறது? குளிர் இன்னா போடு போடுது, நீங்க வேற!"

"கேட்டுட்டு வா. அப்புறம் தைக்கறேன்."

"தைக்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க. எதுக்கு சுத்தி வளைக்கறீங்க?"

"சுத்தி வளைக்கல பாரதி. வெட்டிட்டா வெட்டுனதுதான். அதுக்குத்தான் சொல்றேன்."

பாரதி முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். நாலைந்து நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெய்லரிடம் அதையெல்லாம் மிஷினில் தைக்கக் கொடுத்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். ஜஹீதா அதைக் கேட்டதும் கையிலிருந்த அப்பரைக் கீழே வைத்தாள். பாரதியின் நாத்தனாரை அவளுக்குத் தெரியாது. எந்த ஊரில் இருக்கிறாள் என்றும் தெரியாது. ஆனாலும் அன்று பகல் முழுக்க அவளுக்கு அந்தப் பெண்ணின் நினைப்பாகவே இருந்தது.