மஞ்சள் கார்டு பெறுவோர்

சம்பளத்தில் பிடித்தம் செய்கிற ஆளைத் தொழிலாளர்கள் திட்டுவார்கள், அதோடு விட்டுவிடுவார்கள். பரிசு கொடுக்கிற ஆளை மட்டும் லேசில் விடமாட்டார்கள். பர்சனல் டிபார்ட்மென்ட்டில் பத்து வருஷம் குப்பை கொட்டித் தெரிந்துகொண்டது இது. உங்கள் ஆபீசிலும் யாராவது ‘ஊக்கப் பரிசுத் திட்டம்’ என்று ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு உங்கள் மேஜைப் பக்கம் வந்தால், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். எனக்கு அந்த யோசனை அன்றைக்கு வரவில்லை.

எங்களுடையது புதுச்சேரி தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டிலும் எண்ணெய் டப்பாவும் செய்கிற பிளாஸ்டிக் கம்பெனி. மேனேஜர் தமிழர்தான், ஆனால் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். அவர்தான் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். நேரு வீதியில் துணியிலிருந்து தோசைக்கல் வரைக்கும் விற்கிற பெரிய கடை ஒன்று கிஃப்ட் கார்டு போட்டிருந்தது. மாதா மாதம் நல்ல தொழிலாளி ஒருவருக்கு ஐநூறு ரூபாய் கார்டு, சிவப்பு நிறம். வருஷக் கடைசியில் ஒரே ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் கார்டு, மஞ்சள் நிறம். தங்கம் மாதிரி இருக்கட்டும் என்று மஞ்சளை மேனேஜரே தேர்ந்தெடுத்தார். இதையெல்லாம் நடத்தச் சொல்லி என் தலையில் கட்டினார்கள். எனக்கு ஒரு வியாதி வேறு உண்டு. யார் என்ன வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

முசே சொன்ன போன்

டைம் ஆபீசில் அந்துவான் என்று ஒரு பெரியவர். அண்ணன் தம்பி எல்லோரும் பிரான்சில் இருக்க, இவர் மட்டும் எங்கள் கேட் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சிங் கார்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ‘ஐயா’ என்று கூப்பிடுகிற மாதிரி, எல்லோருக்கும் அவர் முசே. நான் டைப் அடித்து அனுப்பிய சர்க்குலரை முதலில் படித்தவர் அவர்தான். காட்டினால் கடையில் சாமான் கொடுக்கிற சீட்டுக்கு அவர் வீட்டுப் பிரெஞ்சில் ‘போன்’ என்று பெயராம். ஷிப்ட்டுக்கு வந்த ஒவ்வொருத்தரிடமும், ஒண்ணாம் தேதி கம்பெனியில் போன் கொடுக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார்.

இன்கமிங்குக்குக் காசு இல்லை என்று ஆகி, ஆளாளுக்குச் செல்போன் ஆசை பிடித்திருந்த நேரம் அது. கேட்க வேண்டுமா? பெல்ட்டில் மாட்டுகிற உறையை இரண்டு பேர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். ஒண்ணாம் தேதி மீட்டிங்கில் மேனேஜர் அந்தச் சின்ன பிளாஸ்டிக் அட்டையை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து, சிம் கார்டு வந்துவிட்டது, போன் எப்போது வரும் என்று மரியாதையாகக் கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் முசேயைப் பார்த்தேன். மீட்டிங் முடிந்ததும் அவரைப் பிடித்து, இப்படிப் பண்ணிவிட்டீர்களே என்று சண்டைக்குப் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“பிரெஞ்சுல போன்னா நல்லதுன்னும் ஒரு அர்த்தம் இருக்குது மேடம். நல்லது நடக்கப் போவுதுன்னு சொன்னேன், அது தப்பா?”

பதிமூணு ரூபாய் எங்கே?

முதல் சிவப்பு அட்டை மோல்டிங் மெஷின் ஓட்டுகிற கலியபெருமாளுக்கு. பிள்ளைச்சாவடிக்காரர். மனைவி, மூன்று பிள்ளைகள், மச்சான், மச்சான் பெண்டாட்டி என்று ஒரு டெம்போவே நிறைகிற கூட்டத்தோடு கடைக்குப் போனார். எல்லோருக்கும் ஏதாவது ஒன்று எடுத்து, கூட்டிக் கழித்து, நானூற்று எண்பத்தேழு ரூபாய்க்கு பில். மீதி பதிமூன்று ரூபாயைக் கையை நீட்டிக் கேட்டிருக்கிறார். அது அட்டையிலேயே இருக்கும், அடுத்த தடவை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்று கடைப் பெண் சொல்லியிருக்கிறாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அந்தக் கடையிலிருந்து எனக்குப் போன், நிஜ போன். உங்கள் ஆள் ஒருவர் வாரம் தவறாமல் வருகிறார், ஒன்றும் வாங்குவதில்லை, பதிமூன்று ரூபாய் இருக்கிறதா என்று தேய்த்துப் பார்க்கச் சொல்கிறார், இருக்கிறது என்றால் போய்விடுகிறார் என்றார்கள். கலியபெருமாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். அட்டையின் முதுகில் கறுப்புப் பட்டை இருக்கிறது, அதில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்றேன். அவர் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன், பொய் சொல்வானேன். ஐநூறு இருந்தபோதும் அந்தப் பட்டை அப்படித்தான் இருந்தது, பதிமூன்று இருக்கும்போதும் அப்படித்தான் இருக்கிறது. இவ்வளவு நாள் இது எனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கமாகப் போயிற்று.

“இருக்குது இருக்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க மேடம். எங்க இருக்குதுன்னு யாரும் காட்ட மாட்றீங்க.”

யார் முறை?

நாலு மாதம் போனபிறகுதான் கவனித்தேன். யாருக்குப் பரிசு என்று பேக்கிங் செக்‌ஷனிலிருந்து மாதா மாதம் வருகிற சிபாரிசில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவள், அப்புறம் பிள்ளை பெற்று வந்தவள், அடுத்து கூரை மாற்றப் போகிறவள். விசாரித்தால், அங்கே பெண்கள் கூடி உட்கார்ந்து முறை போட்டிருக்கிறார்கள். யாருக்குச் செலவு முன்னால் நிற்கிறதோ, அவள்தான் அந்த மாதத்துக்குச் சிறந்த தொழிலாளி. சூப்பர்வைசர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

இது பரிசு, சீட்டு இல்லை என்று நான் போய்க் கத்தினேன். வேலை பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி மூடியைத் திருகிக்கொண்டே, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்.

“எல்லாருந்தான் நல்லா வேலை செய்யறோம் மேடம். யாருக்கு மொதல்லன்னு மட்டுந்தானே பாக்கணும், அதை நாங்க பாத்துட்டோம்.”

மேடைக்கு வராத சரோஜா

இதனால் வருஷக் கடைசி மஞ்சள் அட்டைக்கு சிபாரிசே வேண்டாம் என்று மேனேஜர் முடிவெடுத்தார். ஒரு நாள்கூட லீவு போடாதவர் யாரோ அவருக்கு. ரெஜிஸ்டரைப் புரட்டினால் ஒரே ஒரு பெயர்: சரோஜா, பேக்கிங், அரியாங்குப்பம். எனக்கே சந்தோஷமாக இருந்தது. அவள் புருஷன் மில் தொழிலாளி, மில்லை மூடிய பிறகு உடம்பும் கெட்டு, வாரம் இரண்டு தடவை கோரிமேடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர். அதிகாலையில் அவரைக் கொண்டுபோய் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, எட்டு மணி ஷிப்ட்டுக்கு ஓடி வருவாள். அவளைப் பர்மனென்ட் ஆக்குகிற உத்தரவும் அப்போது கையெழுத்துக்காக மேனேஜர் மேஜையில் இருந்தது. நல்லவளுக்கு நல்ல காலம் என்று நினைத்து, நோட்டீஸ் போர்டில் கொட்டை எழுத்தில் நானே எழுதி ஒட்டினேன்: ‘மஞ்சள் கார்டு பெறுவோர்: சரோஜா, அரியாங்குப்பம்’.

விழா அன்று மைக்கில் மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார்கள். சரோஜா வரவில்லை. பரிசு கொடுக்க வந்த முதலாளி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். மோல்டிங் பையன்கள், ஃபுட்பாலில் மஞ்சள் அட்டை காட்டினால் வார்னிங், அதனால்தான் ஓடிவிட்டாள் என்று சிரிக்கிறார்கள். வருஷம் முழுக்க ஒரு நாள் லீவு போடாத பெண், பரிசு வாங்குகிற நாளில் லீவு. மேனேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம். மேஜையில் இருந்த பர்மனென்ட் ஃபைலை எடுத்து டிராயரில் போட்டுப் பூட்டினார்.

“கொடுக்கறதையே வந்து வாங்கிக்கத் தெரியலை, இவங்களுக்கெல்லாம் பர்மனென்ட் எதுக்கும்மா?”

அரியாங்குப்பத்தில் கேட்டது

எனக்கு மனசு ஆறவில்லை, ஏன் என்று தெரியாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் டெம்போ பிடித்து ஆற்றுப்பாலம் தாண்டி அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் சரோஜாவுக்கு முகம் செத்துப்போயிற்று. உள்ளே புருஷன் படுத்திருந்தார். என்ன ஆச்சு சரோஜா, கம்பெனியில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ரேஷன் கார்டை எடுத்து என் மடியில் வைத்தாள். சிவப்பு கார்டு.

ஐயோ, என் புத்தியை எதால் அடிப்பது! புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? வசதி இல்லாத வீட்டுக்குச் சிவப்பு ரேஷன் கார்டு, வசதியான வீட்டுக்கு மஞ்சள். சிவப்பு இருந்தால் அரிசி உண்டு, ஆஸ்பத்திரிச் சலுகை உண்டு. மஞ்சளாகிவிட்டால் இரண்டும் போச்சு. என் வீட்டில் மஞ்சள். அதை ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. அந்த வாரம்தான் அவள் தெருவில் ரேஷன் ஆபீசிலிருந்து வீடு வீடாக ஆள் வந்து, யார் வீட்டில் வண்டி இருக்கிறது, யார் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே சமயம் என் கொட்டை எழுத்து. அதே தெருவிலிருந்து எங்கள் கம்பெனிக்கு வருகிற ஒருத்தி அதைப் படித்துவிட்டு ரேஷன் கடை வரிசையில் சொல்ல, உனக்கு மஞ்சள் வந்துவிட்டதாமே, இனிமேல் இங்கே உனக்கு என்ன வேலை என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள்.

இது வேறு கார்டு, கடை கார்டு, சர்க்காருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் மூச்சு முட்ட விளக்கினேன். புரிகிறது என்று தலையாட்டினாள். அவளுக்கு அது முன்பே புரிந்துதான் இருந்தது. ஆனால் ஊர் வாயில் மஞ்சள் என்று விழுந்த பிறகு, விசாரிக்க வருகிறவர்களுக்கு யார் போய் விளக்குவது?

“கெஞ்சிக் கேக்கறேன் மேடம், எங்களுக்குச் செவப்புதான். எம்பேருக்குப் பக்கத்துல மஞ்சன்னு மட்டும் எழுதாதீங்க.”

பம்பாய்க்காரருக்கு ஒரு பாடம்

திரும்பி வந்து முதல் வேலையாக நோட்டீஸைக் கிழித்தேன். அப்புறம் மேனேஜர் ரூமுக்குப் போனேன். அவர் ரேஷன் கார்டே பார்த்ததில்லையாம். சிவப்பு இப்படி, மஞ்சள் இப்படி, சரோஜா வீட்டு நிலைமை இப்படி என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். தப்பு என் எழுத்து, அவள் இல்லை, அந்த டிராயரைத் திறங்கள் என்று குரல் கொஞ்சம் உயர்த்தியே சொல்லிவிட்டேன். அவர் ஒரு சந்தேகம் கேட்டார்: அவள் வீட்டில் வருஷம் பூராவும் இவ்வளவு கஷ்டம், பிறகு எப்படி ஒரு நாள்கூட லீவு போடவில்லை? போட்டால் கூலி போய்விடும் சார், தினக்கூலிக்கு ஏது லீவு என்றேன். மேனேஜர் டிராயரைத் திறந்து ஃபைலை எடுத்தார். நான் நிற்கும்போதே கையெழுத்துப் போட்டார்.

“மஞ்சளைக் கடைக்கே திருப்பி அனுப்பிட்டு ரெண்டு சிவப்பா வாங்கும்மா. மேடையெல்லாம் வேண்டாம், நீயே போய் கையில கொடுத்துடு.”

நேரு வீதியில் ஒரு சாயங்காலம்

இரண்டு சிவப்பு அட்டையையும் பர்மனென்ட் உத்தரவையும் கையில் கொடுத்தபோது சரோஜா உத்தரவை மட்டும் இரண்டு தடவை படித்தாள். கடைக்குத் தனியாகப் போகத் தயங்கினாள். நான்தான் கூடப் போனேன். என் வியாதிதான் தெரியுமே. கடைப் பையன் நல்லவன், ஆயிரம் ரூபாய் என்றதும் ஓடி ஓடிக் காட்டினான். மிக்சி காட்டினான், சரோஜா ஆசையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். டேபிள் ஃபேன், வேண்டாம். கதவுக்குப் பூப்போட்ட திரை, வேண்டவே வேண்டாம். எனக்கே பொறுமை போயிற்று. என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லேன் என்றேன்.

அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பையன் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள். கடைசியில் புருஷனுக்குப் படுக்க ஒரு நல்ல மெத்தையும், உட்பாவாடைகளும், அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உள்ளே போட்டுக்கொள்ள நாலு பனியனும் வாங்கினாள். மெத்தை மேல் பழைய பாயை விரித்துவிடலாம் என்று போகிற வழியில் சொன்னாள். அந்தப் பையனிடம் அவள் கேட்டது இதுதான்.

“வீட்டுக்கு ஆள் வந்து பாத்தா வெளிய தெரியாத சாமானா இருந்தா காட்டுப்பா.”

நல்ல வேலைக்குக் கொடுக்கிற பரிசை ஊரறியக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் யாரும் சிவப்பு கார்டோடு ஒரு நாள் ரேஷன் வரிசையில் நின்றவர்களாக இருக்க முடியாது என்பதுதான் வருஷம் முழுக்கப் பரிசு கொடுத்து நான் வாங்கிக்கொண்ட பரிசு.