கண்ணை மூடினால் சாயும் மனிதர்

எண்ணெயை நாக்கில் வைத்ததும் ஷெத்லி கண்ணை மூடுவார். மூடியதும் உடம்பு மெல்ல ஒரு பக்கம் சாயும். ஸ்ஃபாக்ஸ் நகரத்து வியாபாரிகள் அதை ரசனை என்றார்கள். எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவு உயர்ந்த எண்ணெய் என்று ஒரு கணக்கே இருந்தது. ஒரு நாள் மட்டமான சரக்குக்கும் சாய்ந்து தரையில் விழுந்தார். அன்றைக்குத்தான் அது ரசனை இல்லை, நோய் என்று தெரிந்தது. வயது முப்பத்திரண்டு.

அண்ணன் ஹேதியின் ஆலிவ் ஆலையில் தரம் பிரிப்பது ஷெத்லியின் வேலை. தொட்டிகளின் மேல் ஏணி ஏறி, முகர்ந்து, சுவைத்து, நல்லதைச் சாப்பாட்டுக்கும் மிச்சத்தைச் சோப்புக்கும் அனுப்ப வேண்டும். ஏணி ஏற முடியாவிட்டால் வேலை இல்லை. வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

டாக்டர் சல்வா ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஈ வைட்டமின்ல பல வகை இருக்கு. சாப்பிட்டதெல்லாம் கல்லீரலுக்கு வந்து சேரும். அங்க ஒரு புரதம், ஆல்ஃபாங்கற ஒரு வகையை மட்டும் பொறுக்கி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும். மத்ததைக் கல்லீரல் சிதைச்சு வெளிய தள்ளிடும். உங்களுக்கு அந்தப் பொறுக்கற புரதமே பிறவியிலிருந்து கோளாறு. நல்லதும் சேர்ந்து போயிடுது. நரம்பு பட்டினி கிடக்கு."

"அதாவது, ஊருக்கெல்லாம் தரம் பிரிக்கிறவன் வயித்துல தரம் பிரிக்க ஆளில்லை."

"கிட்டத்தட்ட அப்படித்தான். மாத்திரையை அள்ளிக் கொடுத்தா கொஞ்சமாவது ரத்தத்துல தங்கும். தினமும் சாப்பிடணும். ஒருநாளும் விடக்கூடாது. இப்பவே ஆரம்பிச்சா நடை கைவிட்டுப் போகாது."

"எதுலேர்ந்து எடுக்கிறாங்க அதை?"

"தாவர எண்ணெய்லேர்ந்து," என்றார் டாக்டர். உண்மைதான். அந்த ஒரு வார்த்தைதான் வினையானது.

மாத்திரைப் பெட்டியைப் பார்த்த ஹேதி சிரிசிரியென்று சிரித்தார்.

"டேய், எண்ணெய்லேர்ந்து எடுத்ததை, எண்ணெய் ஆலைக்காரன் தம்பி மருந்துக்கடையில போய் வாங்குறியா? ஊர் சிரிக்கும்டா."

"அண்ணே, டாக்டரம்மா சொன்னாங்க..."

"டாக்டரம்மாவுக்கு நம்ம முதல் பிழிவைப் பத்தி என்ன தெரியும்? காலையில ஒரு கிண்ணம் குடி. மரத்துலேர்ந்து நேரா வயித்துக்கு."

ஷெத்லிக்கும் அது பிடித்தது. எண்ணெயைச் சந்தேகிப்பது அவருக்குத் தன்னையே சந்தேகிப்பது மாதிரி. பெட்டி அலமாரிக்குள் போனது. இரண்டு வருடம், விடியற்காலை ஒரு கிண்ணம், ஒருநாளும் விடாமல். டாக்டர் சொன்ன ஒழுங்கை அப்படியே கடைப்பிடித்தார், மருந்தை மட்டும் மாற்றி. எண்ணெய் கல்லீரலுக்குப் போனது. கல்லீரல் பாரபட்சமில்லாமல் அத்தனையையும் வெளியே தள்ளியது. முதலில் ஏணி போனது, பிறகு படிக்கட்டு, பிறகு வாசல்.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் தூக்கிப்போனார்.

"ஒரு போத்தல் எண்ணெய்ல இருக்கறது ஒரு மாத்திரையில பாதிகூட இல்லை," என்றார் சல்வா. "இனிமே ஒழுங்கா சாப்பிட்டா இதுக்கு மேல மோசமாகாது. போன கால் திரும்ப வராது."

ஹேதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொந்த அத்தை மகளைக் கட்டியவர். சொந்தத்துக்குள் கட்டினால் இந்தப் பிறவிக் கோளாறு பிள்ளைகளுக்கும் வரலாம் என்று, அவர்களையும் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். பத்து வயது மகள் நஸீஹாவுக்கும் அதே கோளாறு. அன்று மாலையே மாத்திரை வாங்கினார். மூன்று வேளையும் தானே எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்கிறார். அவள் நன்றாக ஓடுகிறாள். அந்தக் கிண்ணத்தைப் பற்றி ஹேதி தம்பியிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஷெத்லிக்கு இப்போது சக்கர நாற்காலி. மாதிரிகளைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தருகிறார்கள், நாக்குக்குப் பழுதில்லை. போன பருவத்தில் ஒரு வியாபாரி மரியாதைக்குக் கேட்டார்: "இது உடம்புக்கு நல்லதுதானே?"

ஹேதி பதிலுக்குத் தம்பியைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லது," என்றார் ஷெத்லி. "எதுக்கும் உங்க கல்லீரலை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க."

வியாபாரி வாய்விட்டுச் சிரித்தார். ஹேதி தொட்டிப் பக்கம் போய்விட்டார்.