ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை

மனு எழுதுவதில் எனக்கு ஒரு சட்டம் உண்டு: ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. இரண்டு கேட்டால் இரண்டும் கிடைக்காது. ஒரு துறை இன்னொரு துறையைக் கைகாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடும். அரியலூரில் ஓர் ஆபீஸ் வாசலில் பதினைந்து வருஷமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைச் சாந்தி மேரியிடமும் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

அந்தம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஏலாக்குறிச்சிப் பக்கம் கொள்ளிடத்தின் வடகரையில் ஓட்டு வீடு. வீட்டுக்குப் பின்னால் ஆறு வரைக்கும் அரை ஏக்கர் படுகை நிலம். கத்தரியும் வாழையும் போடுவார். ஒரே மகள் சுகன்யா மேரி திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "வந்து எங்கூட இரும்மா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். புருஷன் மரியசூசை ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் சீமைக்கருவேல முள்ளை மிதித்துவிட்டார். சர்க்கரை உடம்பு. முதலில் பாதம் அழுகியது, பிறகு காலை முட்டியோடு எடுத்தார்கள், எட்டு மாதத்தில் ஆளும் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அந்தம்மாவுக்கும் அந்த முள்ளுக்கும் ஜென்மப் பகை.

முதல் தடவை வந்தபோதே மஞ்சள் பை நிறையக் கத்தரிக்காய் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"முள்ள வேரோட எடுக்கணும் சார். வெட்டி வுட்டா ஒண்ணு நாலா வெடிக்குது. எடுத்த கையோட அங்க நாணல் நடணும். ரெண்டையும் எழுதுங்க."

"நாணலா? அது தானா வராதா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உடையார்பாளையத்து முந்திரிக்காட்டுக்காரன். ஆற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"முன்னெல்லாம் ஆடியில தண்ணி மெதுவா ஏறும் சார். வண்டல் படியும், அதுல நாணல் வேர் புடிக்கும், அந்த வேரு கரையப் புடிக்கும். இப்ப மேல அணையெல்லாம் ரொம்பினாத்தான் நமக்குத் தண்ணி. பதினோரு மாசம் மணல் காயுது, அப்புறம் மொத்தத்தையும் ஒரேயடியா தொறந்து வுடுறாங்க. மழையும் பேயிற மாசத்துல பேயிறதில்ல. இந்தக் கூத்துல நாணல் எப்படிப் பொழைக்கும்? முள்ளுக்கென்ன, பாதாளத்துல வேர வுட்டுக் குடிக்குது. எமன் சார் அது. ஆனா இன்னைக்குக் கரையப் புடிச்சிக்கிட்டு நிக்கிறதும் அந்த எமன்தான். அத வெறுமனே புடுங்கிப்புட்டுப் போனா எங்கொல்லை ஆத்தோட போயிரும்."

இதைவிடத் தெளிவாக ஒருத்தர் சொல்ல முடியாது. நான் காதில் வாங்கினேனா?

"ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதாம்மா. மொதல்ல முள்ளு. அது நடக்கட்டும், அடுத்த மனுவுல நாணலைக் கேப்போம்" என்றேன். வெறுமனே முள் என்று எழுதினால் மனுவுக்குக் கனம் போதாது என்று பட்டது. 'கரையிலுள்ள முட்புதர்கள், செடிகொடிகள் அனைத்தையும் வேருடன் அகற்றித் தருமாறு' என்று எழுதினேன். எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன், மடையன்.

ஐந்து வருஷம் அதே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தோம். திங்கட்கிழமை மனு நாளில் ஏலாக்குறிச்சி பஸ் வந்தால் மஞ்சள் பையும் வரும். இதற்கிடையில் அந்தம்மா கொல்லை ஓரத்தில் மிச்சமிருந்த ஒரே ஒரு நாணல் புதருக்குக் கோடையெல்லாம் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். நாணலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறோம் என்று ஊர் சிரித்தது. நடுவதற்கு வேர் வேண்டுமே, அது சிரித்தவர்களுக்கு எங்கே தெரியும்?

போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் மனு பலித்தது. காலையில் எனக்குப் போன் வந்தது.

"சார், ஜேசிபி வந்துடுச்சு சார்." அந்தம்மா சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மதியத்துக்குள் மறுபடியும் போன். இப்போது அழுகை. "நாணலையும் அள்ளப் போறாங்க சார். நீங்களாச்சும் சொல்லுங்க."

வண்டி ஓட்டுகிறவரிடம் போனைக் கொடுத்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "எனக்கென்ன சார், விட்டுட்டுப் போயிடுவேன். ஆர்டர்ல செடிகொடிகள் அனைத்தையும் வேருடன்னு போட்டிருக்கு. அந்தம்மா குடுத்த மனுவுலயே அப்படித்தான் இருக்காம். பாதியில விட்டா எனக்கு பில் பாஸ் ஆகாது."

என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அந்த ஒரே நாணல் புதரும் போய்விட்டது.

இரண்டாவது மனுவை, நாணல் மனுவை, அந்த வாரமே எழுதிக் கொடுத்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஆடி பிறந்து இரண்டு வாரத்தில் மேலே அணை நிரம்பி, உபரித் தண்ணீர் மொத்தமும் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. மொட்டையாய்க் கிடந்த கரை மூன்று நாள் தாங்கவில்லை. வாழையோடு அரை ஏக்கரும் போய்விட்டது. வீட்டின் பின்சுவருக்கும் ஆற்றுப் பள்ளத்துக்கும் நடுவே இப்போது பன்னிரண்டு அடிதான். "முள்ளாச்சும் நின்னிருக்கும், இவள யாரு எடுக்கச் சொன்னா?" என்று ஊர் பேசியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அந்தம்மா அதையும் கேட்டுக்கொண்டார்.

ஐப்பசியில் நாணல் மனுவுக்குப் பதில் வந்தது. 'மனுதாரரின் கோரிக்கைப்படி கரையிலுள்ள செடிகொடிகள் ஏற்கெனவே அகற்றப்பட்டுவிட்டன. மனு முடிக்கப்பட்டது.' அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டு அந்தம்மா பஸ் ஏறினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு போன திங்கட்கிழமைதான் வந்தார். அதே மஞ்சள் பை, புடைத்துக்கொண்டு. நான் வெள்ளைத்தாளை எடுத்தேன். பழக்கதோஷத்தில் பைக்கும் கை நீட்டினேன். உள்ளே கத்தரிக்காய் இல்லை. காய்ந்து பழுத்த சீமைக்கருவேலங்காய்.

"ஒங்க ஆபீசுக்குப் பின்னாடி காடா வளந்து கொட்டிக் கெடக்கு சார். பொறுக்கிக்கிட்டேன். எங்க பக்கத்துலதான் ஒரு மரம் வுடாம எடுத்துட்டாங்களே."

"எதுக்கும்மா இது?"

"ரெண்டு ஆடு வாங்கியிருக்கேன். இதத் தின்னுட்டு வெதையோட போடுற புழுக்கையக் கரையில தூவினா சீக்கிரம் மொளைக்கும். நாணலுக்குத் தண்ணி வேணும், வண்டல் வேணும், அதுக்கு எங்க போறது? இது ஒண்ணும் கேக்காது. இந்த ஆடிக்கு இல்லாட்டியும் அடுத்த ஆடிக்காச்சும் வூட்டுச் செவுத்த ஏதாச்சும் புடிச்சிக்கிட்டு நிக்கணும்ல."

"அவரக் கொன்ன முள்ளும்மா அது."

"தெரியும் சார்." பையின் வாயைச் சேர்த்துச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டார். "இதுக்கு மனு ஒண்ணும் குடுக்க வேணாம்ல?"