அணைக்கட்டு வரைக்கும் போன பன்றி

ஒடுகத்தூர் பக்கம் போய் செண்பகம் வீடு எது என்று கேட்டால், "பன்னி மேய்க்கிறாளே, அந்தப் பொம்பளையா?" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மேய்க்கிறது வேற, வளர்க்கிறது வேற. என் பன்னி தெருவுல திரியல. சிமெண்டுத் தரையில, ஃபேனுக்குக் கீழ படுத்திருக்குது" என்று ஒருமுறை பஸ்ஸிலேயே சண்டைக்குப் போனவள்.

பதினான்கு வருஷம் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். பசை நெடி ஒத்துக்கொள்ளாமல் மூச்சிரைப்பு வந்தபின் வேலையை விட்டாள். இரண்டு வெண்பன்றிக் குட்டிகளோடு ஆரம்பித்தது ஆறு வருஷத்தில் நாற்பத்தொன்று ஆயிற்று. புருஷன் இன்பராஜ் 'குட்டியானை' என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். தீவனம் ஏற்றி வருவதோடு சரி, மற்றதெல்லாம் அவள்தான்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், முக்கால் கிலோமீட்டர் தள்ளியிருந்த பரந்தாமன் கொட்டகையில் பன்றிகள் வரிசையாகச் செத்தன. மூன்றே நாளில் பதினொன்று. கால்நடை டாக்டர் பூர்ணிமா ரத்தம் எடுத்து அனுப்பினார்; ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நோட்டீசோடு செண்பகத்தின் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. இன்பராஜ் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற ஸ்வைன், அதான் பன்னி, எல்லாத்தையும்... கல் பண்ணணும்னு போட்டிருக்குது."

"கல்லா? இன்னா கல்லு?"

செண்பகம் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"மேடம், கம்பெனியில ரிஜெக்ட்னு சொல்லி ஓட்டை ஷூவைத் தனியா எடுத்து வைப்பாங்க. அதுமாதிரி ஒதுக்கி வைக்கிறதா?"

"இல்லம்மா. கொல்றது. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு டீம் வரும். இந்தக் காய்ச்சலுக்கு மருந்து இல்ல. மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது. பன்னியை விடாது."

"என்னோடதுக்கு ஒண்ணுமே இல்லியே மேடம்! காலையிலகூட தொட்டியை நக்கி வச்சிருக்குதுங்க!"

"தெரியும்மா. எதையும் வெளியில கொண்டு போகாதீங்க. ஒண்ணைக்கூட."

டாக்டரின் ஜீப் திரும்பியதும் செண்பகம் நேராகப் பதினேழிடம் போனாள். காதுத் தோட்டில் அந்த எண் இருக்கிற தாய்ப்பன்றி. இன்னும் பத்து நாளில் குட்டி போடும். போன தடவை பன்னிரண்டு போட்டு, ஒன்றைக்கூட மிதிக்காமல் காப்பாற்றியது. நாற்பதும் போகட்டும், இது ஒன்று தங்கினால் போதும், மறுபடி எழுந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அரக்கோணம் பக்கம் தம்பி செந்தில்குமார் முப்பது பன்றி வைத்திருந்தான். போன் போட்டாள்.

"செந்திலு, கொட்டகை ஒழுகுதுடா. ஒரே ஒரு சினைப்பன்னி. பத்து நாள் வச்சுக்கோ."

"இதுக்குப் போய்க் கேக்குறியே அக்கா. கொண்டா."

மூன்றரை மணிக்கு வண்டியில் தார்ப்பாய் விரித்துப் பதினேழை ஏற்றினார்கள். மேலே காலி வெங்காய மூட்டைகளைப் போட்டு மூடினார்கள். எதிரில் ஜீப் எது வந்தாலும் செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அணைக்கட்டு ஊரைத் தாண்டுவதற்குள் பின்னால் இருந்த அசைவு நின்றுபோயிற்று. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கி, மூட்டையை விலக்கிப் பார்த்தாள். ஏற்றும்போது போட்ட கடலைப் புண்ணாக்கு அப்படியே கிடந்தது. பதினேழு புண்ணாக்கை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. காதைப் பிடித்தாள். கொதித்தது. காதோரம் செம்மை ஓடி, நுனியில் நீலம் பாரித்திருந்தது.

"ஈரக்காத்துக்கு அப்படித்தான் இருக்கும். ஏறு, போய்டலாம்" என்றான் இன்பராஜ். அவன் குரலே அவனை நம்பவில்லை.

அப்போதுதான் செந்தில் கூப்பிட்டான். "அக்கா, எங்க வந்துட்ட? தனி அறை வேணாம்னு பாத்தேன். என்னோட சினைப்பன்னிங்ககூடவே விட்டுடலாம்."

அவள் பதினேழின் காதை மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா? கேக்குதா?"

"நான் வரலடா."

"இன்னாக்கா ஆச்சு?"

"கொட்டகை ஒழுகல. பொய் சொல்லிட்டேன். இங்க பன்னிக் காய்ச்சல். இதுக்கும் வந்திருக்குது போல."

"தெரிஞ்சே என் கொட்டகைக்குக் கொண்டாந்தியா?" என்றான். வைத்துவிட்டான்.

செண்பகம் அடுத்து டாக்டருக்குப் போன் அடித்து, நடந்ததைச் சொன்னாள். திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். டாக்டர் திட்டவில்லை; கேள்வி மேல் கேள்வி கேட்டார். "கீழ இறக்கினீங்களா? சாணி, மூத்திரம் ரோட்டுல விழுந்துச்சா?"

"இல்ல மேடம். தார்ப்பாய் இருக்குது."

"அங்கேயே நில்லுங்க. வேற பன்னி எதுவும் கிட்ட வந்துடக் கூடாது."

சொல்லி வைத்ததுபோல, சாலையோரக் குப்பைமேட்டில் நாலைந்து தெருப்பன்றிகள் கிளறிக்கொண்டிருந்தன. வாடை பிடித்து ஒவ்வொன்றாக வண்டியை நோக்கி வந்தன. செண்பகம் ஒரு விறகுக் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒன்றை விரட்டினால் மற்றொன்று சக்கரத்துக்கடியில் மூக்கை நீட்டியது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்தாள். இன்பராஜ் மறுபக்கம் கல்லெறிந்தான். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐம்பது நிமிஷம் கழித்து மருந்து தெளிக்கும் ஆட்களோடு டாக்டர் வந்து சேர்ந்தபோது, அவளுக்குக் குச்சியைப் பிடித்திருந்த விரல்களை விரிக்க வரவில்லை.

அந்த ஆட்கள் வண்டியையும் அவர்கள் இரண்டு பேரையும் மருந்தில் நனைத்து, நின்ற இடத்தில் சுண்ணாம்பு கொட்டினார்கள். பிறகு முன்னால் ஜீப் போக வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் எட்டு மணிக்கு டீம் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்களைக் கண்டு பன்றிகள் மூலையில் ஒண்டி அலறின. ஒன்றும் நகரவில்லை.

"நானே ஓட்டியாறேன்" என்றாள் செண்பகம்.

தீவன வாளியைத் தட்டிக்கொண்டே ஊசி போடுகிற இடம்வரை முன்னால் நடந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பழகியவை பின்னாலேயே வந்தன. பதினேழு எழுந்திருக்கவில்லை, அதற்கு இருந்த இடத்திலேயே ஊசி போட்டார்கள். முடியும்வரை அதன் வயிற்றில் கை வைத்திருந்தாள். உள்ளே குட்டிகள் கொஞ்ச நேரம் உதைத்தன.

பதினேழின் ரத்தத்தில் காய்ச்சல் இருந்தது என்று நாலு நாள் கழித்துத் தகவல் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டில் வண்டி விஷயத்தையும் மறைக்காமல் எழுதினார். தாசில்தார் ஆபீசுக்கு இரண்டு முறை விசாரணைக்குப் போய் வந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

செந்தில் இரண்டு மாசத்துக்கு மேல் போன் எடுக்கவில்லை. பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

"முப்பதும் நல்லாத்தான் இருக்குது" என்றான். "டாக்டர் எப்ப சரின்றாங்களோ, அப்ப வந்து நாலு குட்டி எடுத்துக்கோ."

"இன்னும் கோவமாடா?"

"கோவம்தான். இருந்தாலும் எடுத்துக்கோ."

கொட்டகையில் மறுபடி பன்றி விட டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. திங்கள்தோறும் செண்பகம் பஸ் ஏறி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள்.