பேட்ரிசியாவின் சிவப்புப் பெட்டி

சப்பாத்துக் கயிற்றை இறுக்கி, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டு, மிச்சத்தைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டே பேட்ரிசியா மற்றவர்களின் கால்களைப் பார்க்கிறார். கணவர் செபஸ்தியன் கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகவில்லை. "என்னா டேடி, அட்டைக்கு விருந்து வைக்கப் போறீங்களா?" என்று அதட்டல். மகள் ஜோஆன் தேறிவிட்டாள். என் முறை வந்தது. என் வெள்ளைச் சப்பாத்தை மேலும் கீழும் பார்த்து "அலமாக்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

"காட்டுக்குள்ள யாரும் சப்பாத்த கழட்டக்கூடாது. கல்லு போனாலும் சரி, தண்ணி போனாலும் சரி. வீட்டு வாசல்லதான் கழட்டணும்." இது பேட்ரிசியா சட்டம். கோத்தா திங்கி பக்கம் முழங்காலளவு ஓடை ஒன்றைச் சப்பாத்தோடேயே கடந்து, அப்புறம் நாள் முழுக்க சளக் சளக்கென்று நடந்தவர் அவர். சொல்லுவது ஒன்று, செய்வது ஒன்று என்று அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் போடுவது தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. "இத விட நல்லது எந்த மால்லயும் கிடைக்காது லா, அண்ணே" என்பார்.

பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்குப் பின்வரிசையில் குடியிருக்கிறார். பாசிர் கூடாங்கில் மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவிடுவாரா என்ன? என் வாசல் கேட் கோணலாக இருப்பதை எனக்குச் சொன்னதே அவர்தான். மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்கத் தெரியாது. மேலாளர் முன்னால் "இந்த லாட்டு தேறாது பாஸ், திருப்பி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு, கூசாமல் மத்தியானச் சோற்றுக்குப் போகிறவர்.

சனிக்கிழமை சாயங்காலமே மாதாகோயிலில் பூசை பார்த்துவிடுவதால் ஞாயிறு காலை காட்டுக்கு. இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். உலகமெங்கும் யார் யாரோ காட்டிலும் மேட்டிலும் டப்பாக்களை ஒளித்து வைத்து, அந்த இடத்துக்கான எண்களை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். நாம் கைப்பேசியோடு தேடிப் போய், உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு கிடையாது. "அப்புறம் எதுக்கும்மா இந்தப் பாடு?" என்று கேட்டேன். "நீங்க கதை எழுதி என்னா கிடைச்சிச்சு?" என்றார்.

தேடும்போது அவரைப் பார்க்கவேண்டும். செபஸ்தியன் மேலே பார்ப்பார், ஜோஆன் கைப்பேசியைப் பார்ப்பாள், நான் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பார்ப்பேன். பேட்ரிசியா மட்டும் இடுப்பில் கைவைத்து அசையாமல் நிற்பார். "இருக்கும். ஒளிச்சவனும் மனுசன்தானே? நாமதான் சரியா பாக்கல." கொஞ்ச நேரத்தில் நேராகப் போய் ஒரு வேரடியில் கைவிட்டு டப்பாவை எடுப்பார். "கிடைக்கவில்லை" என்று அவர் இதுவரை எங்கேயும் பதிந்ததில்லை.

அப்படிப்பட்டவர் தானே ஒளித்து வைத்தது ஒரே ஒரு பெட்டிதான். செடெனாக் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் தனியாக நிற்கும் பெரிய ஆலமரத்தடியில். மழை ஈரம் இறங்காத பெட்டியாகத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளோடு வருகிறவர்கள் கண்ணிலும் சட்டென்று படவேண்டும் என்று யோசித்து, தங்காக் துணிக்கடையில் வாங்கிய சிவப்புக் கிறிஸ்மஸ் திரைச்சீலைத் துணியின் மிச்சத்தைச் சுற்றிக் கட்டினார். மூடிமேல் இடத்துக்கான எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதினார். துணியால் அந்த மூடியை மறைக்காமல் விட்டு, காற்றுக்கு நகராதிருக்க முன்னால் ஒரு கல்லையும் நட்டு வைத்தார். ஆலமரம், சிவப்புத் துணி, நட்ட கல்! நம் ஜனங்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அந்தக் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒருவருக்காவது தோன்றவேண்டுமே. அவர்களுக்குச் சிவப்பு என்றால் கிறிஸ்மஸ்.

போன வாரம் விளையாட்டை நடத்துகிறவர்களிடமிருந்து செய்தி வந்தது. தேடிப்போன சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்று, யாரோ பெட்டிக்கு மாலை போட்டிருப்பதாகவும் தாங்கள் தொடப் பயந்து திரும்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறது. வழிபாட்டு இடத்தில் பெட்டி வைப்பது விதிக்கு விரோதம். ஞாயிற்றுக்கிழமைக்குள், அதாவது இன்றைக்குள், வேறு இடத்துக்கு மாற்றாவிட்டால் இணையத்தில் அந்தப் பெட்டிக்கென்று இருக்கும் பேட்ரிசியாவின் பக்கத்தை நீக்கிவிடுவார்களாம்.

"புதுசா ஒரு டப்பா வாங்கி வேற இடத்துல வச்சிட்டா போச்சு" என்றார் செபஸ்தியன், காரை ஓட்டிக்கொண்டே.

"வந்தவங்க பேரெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு? அந்த ஜெர்மன்காரவங்க, மூவார் வாத்தியாரு, நோய்லருந்து எழுந்து வந்தேன்னு எழுதுன சீனப் பாட்டி... அந்தத் தாளு இல்லாம டப்பா எதுக்கு டேடி?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊரான் ஒளிச்சத எவ்வளவோ தேடிட்டேன் அண்ணே. என் பேருல இருக்கிறது இது ஒண்ணுதான். வயிறு எரியுது. இன்னிக்கு எடுத்துட்டுதான் மறுவேலை."

ஆலமரத்தடிக்குப் போனதும் நாலுபேரும் நின்றுவிட்டோம். தகரக் கூரை. சிமெண்டு மேடை. மேடைமேல் பேட்ரிசியாவின் பெட்டி, சரிகைக் கரை போட்ட புதுச் சிவப்புத் துணியில், குங்குமமும் மாலையுமாக. பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சூலம், ஒரு சுருட்டு, திறக்காத கறுப்பு பீர் போத்தல். சுற்றிலும் செங்கல் வரிசை. அதில் சாய்த்து வைத்த பலகையில் "காலணியோடு உள்ளே வராதீர்" என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது. கும்பிடுவதா சிலுவை போடுவதா என்று தெரியாமல் செபஸ்தியனின் கை நெஞ்சருகே நின்றது. பலகையைப் படித்துவிட்டு எல்லோரும் பேட்ரிசியாவின் முகத்தைப் பார்த்தோம்.

"கழட்ட வேணாம். இங்கருந்தே கை நீட்டி எடுத்துடுறேன்" என்றார் பேட்ரிசியா. குனிந்தும்விட்டார்.

அந்நேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண், கையில் சூடப் பொட்டலம். "அக்கா, சப்பாத்தோட உள்ள போயிடாதீங்க" என்று பதறி இறங்கினார். பெயர் வாசுகி, பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டில் இருக்கிறாராம். செருப்பை வெளியே விட்டு உள்ளே போய் மேடையைக் கூட்டிக்கொண்டே பேசினார்.

"யாரும் கொண்டாந்து வைக்கல அக்கா. தானா வந்துச்சு. மேல நம்பரு வேற எழுதியிருந்துச்சா, எங்க லைன்ல ஒருத்தரு கடைசி நாலு நம்பர லாட்டரியில எடுத்தாரு. பரிசு விழுந்திருச்சு! இந்தத் தகரம், சிமெண்டெல்லாம் அவரு போட்டதுதான்."

"தொறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார் பேட்ரிசியா. குரலில் அந்தத் தரப் பரிசோதகர் இருந்தார்.

"ஐயோ, தொறப்பமா? சாமி அதுக்குள்ளதானே இருக்கு."

உள்ளே ஜெர்மன்காரர் பெயர் இருந்தது. பிள்ளைகளுக்கென்று போட்ட ஒரு பிளாஸ்டிக் டைனோசரும் இருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜோஆன் என் கையைக் கிள்ளினாள்.

வாசுகி சூடத்தைத் தட்டில் வைத்தார். "எனக்கு நம்பரெல்லாம் வேணாம்கா. எங்க வீட்டுக்காரரு லாரியில அடிபட்டு எழுந்திரிக்க முடியாம கிடந்தாரு. வீட்டுல அழுதா பிள்ளைங்க பாக்கும். பெக்டரியில அழுதா எல்லாரும் கேப்பாங்க. இங்க வந்துதான் அழுதேன். இப்ப கைத்தடி பிடிச்சு நடக்கிறாரு. இது இல்லேன்னா நான் என்னாயிருப்பேனோ, போங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீங்க என்னா வேண்டுதலுக்கு வந்தீங்க?"

பேட்ரிசியாவின் வாய் திறந்தது. அவ்வளவுதான், போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். இது என் பெட்டி, கிறிஸ்மஸ் துணி, உள்ளே இருப்பது வெறும் தாள் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் பெட்டி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். வாசுகி கூட்டி முடித்த மேடையைப் பார்த்தார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம் தங்கச்சி" என்றார். பிறகு தலையைத் திருப்பாமலே, "ஜோ, நம்ம பக்கத்த மூடிடு."

"மம்மி, ஷுவரா? பேரெல்லாம்..."

"மூடுன்னா மூடு."

ஜோஆன் கைப்பேசியை எடுத்தாள். வாசுகி சூடம் கொளுத்தினார். பேட்ரிசியா செங்கல் வரிசைக்கு வெளியே ஈர மண்ணில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, காலுறைக்குள் திணித்திருந்த கயிற்றை வெளியே இழுத்து, முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.